புல்லுக்கு அடியில் ஓடும் நீர்

(இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா மறையுரை, ஆனேக்கல்)



இன்றைய முதல் வாசகத்தை யாராவது விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் நடுவில் தடுமாறியிருப்பீர்கள். எசேக்கியேல் 47ஆம் அதிகாரம். முதல் இரண்டு வசனங்களை வாசித்தார்கள். பிறகு எட்டுக்கும் ஒன்பதுக்கும் தாவினார்கள். அங்கிருந்து நேராகப் பன்னிரண்டு. வாசித்தவர் மேல் தவறில்லை. இந்த விழாவுக்கு வாசக நூலில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. தவக்காலம் நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை இதே அதிகாரம் இன்னும் கொஞ்சம் நீளமாக வரும். அன்றைக்கும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குத்தான் தாவுவோம். ஆக, இரண்டு தடவையும் பதினொன்றாம் வசனம் நம் காதில் விழுவதே இல்லை. இன்று அந்த வசனத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். கோவில் வாசற்படிக்குக் கீழேயிருந்து தண்ணீர் கசிகிறது. பலிபீடத்துக்குத் தெற்குப் பக்கமாக இறங்கிக் கிழக்கே ஓடுகிறது. ஆயிரம் முழம் போனால் கணுக்கால் அளவு, இன்னும் ஆயிரம் போனால் முழங்கால், அப்புறம் இடுப்பு, அதற்கப்புறம் நீந்தித்தான் கடக்கவேண்டும். அந்தத் தண்ணீர் சாக்கடலில் போய் விழுந்ததும் உப்புக் கடல் நல்ல தண்ணீராகிறது. மீன் துள்ளுகிறது, கரையில் வலை காய்கிறது, இருபக்கமும் மரங்கள் மாதாமாதம் காய்க்கின்றன. இவ்வளவும் சொல்லிவிட்டு, பதினொன்றாம் வசனத்தில் இறைவாக்கினர் ஒரு விதிவிலக்கு வைக்கிறார். ஓரத்தில் இருக்கும் சேற்றுப் பள்ளங்களும் சதுப்புகளும் மட்டும் நலமடையாது. அவை உப்பாகவே நின்றுவிடும் என்கிறார்.

பலிக்கும் சமையலுக்கும் உப்பு வேண்டுமல்லவா, அதற்காகக் கடவுளே விட்டுவைத்தார் என்று விளக்கம் சொல்லும் அறிஞர்கள் உண்டு. அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் மண்ணில் வேலை செய்கிறவர் இந்த வசனத்தைப் படித்தால் வேறொன்றைப் பார்ப்பார். கடலுக்கும் அதே தண்ணீர், சதுப்புக்கும் அதே தண்ணீர். கோவிலில் பிறந்த தண்ணீர். சதுப்பில் அது வந்து சேர்கிறது, வெளியே போக வழி கிடையாது. உள்ளே நின்று, காய்ந்து, உப்பாகிறது.

விழாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். உரோமையில் திருத்தந்தையின் பேராலயம் எது என்று கேட்டால் பலரும் புனித பேதுரு பேராலயம் என்பார்கள். அது இல்லை; இலாத்தரன்தான். 324ஆம் ஆண்டு திருத்தந்தை சில்வஸ்தர் அதை நேர்ந்தளித்தார். எங்கோ இருக்கும் கட்டடத்துக்கு ஆனேக்கலில் நாம் ஏன் விழா எடுக்கவேண்டும் என்று கேட்பவருக்கு இன்றைய வாசகமே பதில்: ஆலயத்தின் பெருமையை அதன் சுவரில் பார்க்காதே, அதன் வாசலிலிருந்து புறப்பட்ட தண்ணீர் எதுவரை போய்ச் சேர்ந்தது என்று பார்.

பதிலுரைப் பாடலில் நகரை மகிழ்விக்கும் ஆற்றைப் பாடினோம். எருசலேமில் ஆறு கிடையாது. கீகோன் என்றொரு ஊற்று உண்டு, அவ்வளவுதான். ஆறில்லாத ஊர் ஆற்றைப் பாடியது. பெங்களூரும் அப்படிப்பட்ட ஊர்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேட்டு முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பெய்த மழை ஒரு பக்கம் காவிரிக்கு, இன்னொரு பக்கம் தென்பெண்ணைக்கு என்று இறங்கி ஓடிவிடும். நம் முன்னோர் அதனால்தான் ஒவ்வொரு சரிவிலும் கரை கட்டி, ஒரு கெரே, அதாவது ஏரி, நிரம்பினால் அடுத்த கெரேக்கு வழியும்படி சங்கிலியாக ஏரிகளைக் கோத்தார்கள். இடையில் ஓடும் கால்வாய்க்கு இங்கே ராஜகாலுவே என்று பெயர். ஒவ்வொரு ஏரிக்கும் தூம்பைத் திறந்து மூட ஒரு ஆள் இருந்தார். கன்னடத்தில் நீருகண்டி, நம் பக்கத்தில் மடைக்காரர். வந்த தண்ணீரில் எவ்வளவு நிறுத்துவது, எவ்வளவு அனுப்புவது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது நம் பங்கைச் சேர்ந்த ஒரு அண்ணனிடம் வருகிறேன். சொந்த ஊர் தளி பக்கம். பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் மாலி, அதாவது தோட்டக்காரர், வேலை. பெயர் சொன்னால் கூச்சப்படுவார், அதனால் விட்டுவிடுகிறேன். பெருமழை பெய்த மறுநாள் அவரை வீட்டில் பார்க்க முடியாது. விடிவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். மழை பெய்தால் உங்களுக்கு லீவுதானே, தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம்தானே என்று ஒருமுறை கேட்டேன்.

"சாமி, தண்ணி ஊத்துறது ஒரு வேலையா? பைப்பத் தொறந்தா அது பாட்டுக்கு ஊத்திட்டுப் போவுது. வந்த தண்ணிய வெளிய அனுப்புறதுதான் வேல" என்றார்.

கோல்ஃபைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித்தான். உங்களில் சிலர் அந்த மைதானங்களில் வேலை செய்கிறீர்கள், பலர் சுவருக்கு வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். பந்து கடைசியில் விழவேண்டிய குழி இருக்கிற இடத்துக்கு கிரீன் என்று பெயர். அங்கே புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். பார்த்தால் மேஜை மேல் விரித்த துணி. ஆனால் மாலிகளுக்குப் புல்லைப் பற்றி அவ்வளவு கவலை கிடையாது. கவலையெல்லாம் அதற்கு அடியில் இருப்பதைப் பற்றித்தான்.

பெருமழை விட்ட காலையில் அவர்கள் செய்யும் முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. கிரீனில் கால் வைக்கமாட்டார்கள். ஊறிய மண்ணில் ஒரு ஆள் நடந்தாலே துகள்கள் நெருங்கி, இடையிலிருக்கும் காற்றறை மூடிப்போகும். இயந்திரத்தை ஏற்றினால் கேட்கவே வேண்டாம். ஓரத்தில் நின்று எங்கே தேங்கியிருக்கிறது, எங்கே வடிகிறது என்று பார்ப்பார்கள். பிறகு வடிகால் வாய்களில் அடைத்த இலைதழைகளை அள்ளுவார்கள். அதற்குப் பிறகுதான் ரப்பர் பட்டை வைத்த தள்ளுகட்டையால் தேங்கிய நீரைத் தாழ்வான பக்கம் தள்ளுவது, பங்கர் என்னும் மணல் குழிகளில் நிற்கும் நீரைப் பம்பு வைத்து இறைப்பது, சரிந்து இறங்கிய மணலை மறுபடி சரிவில் ஏற்றுவது எல்லாம். மேட்டிலிருந்து அடித்து வந்த செஞ்சேறு கிரீன் மேல் படிந்திருந்தால் அது காய்வதற்குள் கழுவியாகவேண்டும். காய்ந்துவிட்டால் அந்த மெல்லிய படலம் மூடி போட்ட மாதிரி நின்றுவிடும். காற்றும் இறங்காது, அடுத்த மழைநீரும் இறங்காது. மழை பெய்ததால் சேறு வந்தது, அதைக் கழுவ மறுபடி தண்ணீரைத்தான் அடிக்கிறார்கள். இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் என் மனதில் தைத்தது இதுதான். மழை விட்டு நல்ல வெயில் அடிக்கிற அன்றைக்குத்தான் புல் வாடும். வேர் முழுக்கத் தண்ணீரில் இருக்கும். ஆனாலும் இலை துவண்டு சாம்பல் நிறமாகும். காரணம் எளிது. வேரும் மூச்சு விடுகிறது. மண்ணில் காற்று இருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேருக்குப் பிராணவாயு இல்லை. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை இழுத்து மேலே அனுப்ப முடியாது. மேலே வெயில் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் நின்றுகொண்டே புல் தாகத்தில் சாகிறது.

தெரியாதவர் வந்து பார்த்தால், ஐயோ வாடுகிறதே என்று இன்னும் நாலு வாளி ஊற்றுவார்.

இறைமக்களே, இங்கே நிறுத்தி உங்களை ஒன்று கேட்கிறேன். நம் வீடுகளில் தண்ணீருக்குக் குறைவா? திருமுழுக்கு பெற்றிருக்கிறோம், நற்கருணை வாங்குகிறோம், வேளாங்கண்ணிக்குப் போகிறோம், சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்குச் செப்டம்பர் எட்டாம் தேதி வெயிலில் வரிசையில் நிற்கிறோம், மூன்று நாள் தியானம் என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறோம். அப்படியும் வீட்டுக்குள் இருவர் பேசிக்கொள்வதில்லை. சாமி, எங்களுக்காக இன்னும் ஒரு பூசை வையுங்கள் என்று வருகிறார்கள். வைக்கிறேன், சந்தோஷமாக வைக்கிறேன். ஆனால் சில வீடுகளுக்கு இன்னொரு பூசையைவிட, வந்த அருள் வெளியே போக ஒரு வழி தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் தாலுகாவில் நடப்பதையே பாருங்கள். ராகி விளைந்த காடு லேஅவுட் ஆனது. ரோஜாத் தோட்டம் கம்பெனி ஆனது. ஒரு ஏக்கர் விற்ற காசில் தாத்தா கனவிலும் காணாத பணம் வீட்டுக்கு வந்தது. அது மழைதான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே பணத்தால் எத்தனை அண்ணன் தம்பிகள் ஆனேக்கல் கோர்ட்டு வராண்டாவில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள்! அம்மா ஒருத்தி இரண்டு வீட்டுக்கும் நடுவில் வாடுகிறாள். அந்த வீட்டில் எதுவும் வற்றிப்போகவில்லை, வந்தது நகரவில்லை.

மாலி அண்ணன் ஒரு நாள் தன் கையகல மண் கட்டை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எனக்குக் காட்டக் கொண்டுவந்தார். கிரீனில் குழி வெட்டும் கருவியால் எடுத்த உருளை. மேலே பச்சை, அதன் கீழே இரண்டு விரற்கடை நல்ல மணல். அதற்குக் கீழே கோடு கிழித்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. மோந்து பாருங்க சாமி என்றார். அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் நின்று காற்றுப் போகாத மண்ணில், காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை விடும் கந்தக வாயுதான் அந்த நாற்றம். அந்த வாயு மண்ணிலிருக்கும் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. மேலே ஒன்றும் தெரியாது. புல் கொஞ்சம் மெலிந்திருக்கும், வெயிலுக்குச் சீக்கிரம் துவளும், அவ்வளவுதான். வெட்டி எடுத்தால்தான் தெரியும். அந்தக் கட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு ஜெபமாலை சொல்லப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது பட்டை மங்கியிருந்தது. காற்றுப் பட்டால் அந்தக் கறுப்பு மாறிவிடும் என்றார். ஒப்புரவு அருள்சாதனத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் குருமடத்தில் படித்ததில்லை. வெளியே எடுத்துக் காட்டினாலே பாதி வேலை முடிகிறது. மூடியே வைத்திருந்தால் எத்தனை வருடமானாலும் கறுப்பு கறுப்புதான்.

மீதிப் பாதிக்கு ஊசி வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும். தரை காய்ந்து இறுகியதும் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து கிரீன் முழுக்கக் குத்துவார்கள். உள்ளே குழலாக இருக்கும் ஊசிகள், சுண்டுவிரல் கனம், விரல் நீள ஆழம். பல்லாயிரம் துளைகள். குத்தி எடுத்த மண்ணை அள்ளிவிட்டு, துளைகளில் சுத்தமான மணலைத் தூவித் தள்ளி நிரப்புவார்கள். அந்த வாரம் ஆட வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், தரை அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது என்று. மாலிகள் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். தழும்பு ஆற ஓரிரு வாரங்கள்; வேர் பிழைக்க வேறு வழி கிடையாது. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள், பங்கு பிரித்துக் கொடுக்கப் போகிறவர்கள், குடியை விடப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் பார்க்க நன்றாக இருக்காது.

சரி, தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டால் போதுமா என்றால் அதுவும் இல்லை. நல்ல கிரீன் எப்படிக் கட்டுவது என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் ஒரு முறையை வகுத்து வெளியிட்டது. உலகம் முழுக்க இன்றும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறார்கள். அடியில் பள்ளம் தோண்டித் துளையிட்ட குழாய்கள். அதன் மேல் 4 அங்குலம் சரளைக் கல். அதன் மேல் 12 அங்குலம் மணல். மணலில்தான் புல். சரளைக்கு வந்தால் தண்ணீர் தடதடவென்று இறங்கிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். இறங்காது. நுண்ணிய மணலின் இடுக்குகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பெரிய கல்லின் இடைவெளிக்கு அதை விடாது. மணல் அடிவரை நிறைந்து, இனித் தாங்காது என்ற நிலை வந்த பிறகே சரளைக்குள் வடியும். சாதாரண நாளில் வேருக்கு வேண்டிய ஈரம் மணலில் தங்கும். பெருமழையில் மிச்சம் ஓடிவிடும். தனக்குத் தேவையானதை வைத்துக்கொள்கிறது, மிஞ்சியதை விடுகிறது. உன் வீட்டில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்று நான் பிரசங்கம் செய்தால் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறவர் யாரும் கேட்கமாட்டார், கேட்கவும் வேண்டாம். ஈரம் நிற்கட்டும். வெள்ளம் நிற்கக்கூடாது.

இரண்டாம் வாசகத்திலும் ஒரு வெட்டு இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் நம்மைக் கடவுள் எழுப்பும் கட்டடம் என்கிறார். அங்கிருந்துதான் வாசகம் தொடங்கியது. அதே வசனத்தில், அதற்கு முந்தைய சொல்லிலேயே, நம்மைக் கடவுளின் தோட்டம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆலய விழா என்பதால் கட்டடத்தை வைத்துக்கொண்டு தோட்டத்தை விட்டுவிட்டார்கள் போலும். அதற்கும் மேலே, தான் நட்டதாகவும் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதாகவும் கடவுளே விளையச் செய்ததாகவும் எழுதுகிறார். நட்டவர் பெயர் இருக்கிறது, பாய்ச்சியவர் பெயர் இருக்கிறது. கொரிந்தில் வடிகால் வெட்டியவர் யாரென்று பவுல் எழுதவில்லை. எந்தப் பங்கிலும் அவர்கள் பெயர் கல்வெட்டில் வராது. சண்டை போட்ட இரண்டு அன்பியங்களை உட்காரவைத்துப் பேசுகிற பாட்டி, கடன்காரரிடம் தவணை வாங்கிக் கொடுக்கிற ஆள், இவர்களைத்தான் சொல்கிறேன்.

நற்செய்திக்கு வருவோம். இயேசு கயிறுகளால் சாட்டை பின்னி, ஆடுமாடுகளை விரட்டி, நாணயம் மாற்றுவோரின் மேஜைகளைக் கவிழ்க்கிறார். அவர் கோவிலை வெறுத்தார் என்று எண்ணிவிடக்கூடாது. தந்தையின் இல்லம் என்றே அழைக்கிறார். கடை போட்டிருந்த இடம் எது என்று பாருங்கள். வெளிமுற்றம், பிற இனத்தாரும் வந்து நின்று மன்றாடக்கூடிய ஒரே இடம். வழியில் கடை வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் நியாயமான காரணம் இருந்திருக்கும்: பலிக்குப் புறா வேண்டும், காணிக்கைக்குச் சரியான நாணயம் வேண்டும். ராஜகாலுவே மேல் கட்டியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், எல்லோரிடமும் பத்திரம் இருக்கும். எசேக்கியேல் கண்ட தண்ணீர் வாசற்படி வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அந்த வாசலை இயேசு திறந்துவிடுகிறார்.

இனிச் சுவருக்கு வெளியே பார்க்கவேண்டும். தன் மைதானத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது நல்ல வேலை. ஆனால் வடிகால் குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது?

தொம்மலூர் பக்கத்தில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் இருக்கிறதே, அது ஒரு காலத்தில் சல்லகட்டா ஏரி. ஏரி போய்விட்டது, கோரமங்களா சல்லகட்டா பள்ளத்தாக்கு என்று வடிகால் வரைபடத்தில் பெயர் மட்டும் நிற்கிறது. கோல்ஃப்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தர்மாம்புதி ஏரியில்தான் மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியம். கோரமங்களா ஏரியில் தேசிய விளையாட்டுக் கிராமம். இவற்றோடு வைத்துப் பார்த்தால் புல்தரை எவ்வளவோ மேல், மழையைக் குடிக்க அங்கே மண்ணாவது மிஞ்சியிருக்கிறது. ஆனால் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் தண்ணீர் கீழே சுமார் 900 ஏக்கர் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி நகரத்தின் கழிவைச் சுமந்து நுரைத்ததையும் 2017இல் தீப்பிடித்ததையும் உலகமே பார்த்தது. அங்கிருந்து வர்த்தூர், அங்கிருந்து தென்பெண்ணை, ஓசூரில் கெலவரப்பள்ளி அணை. அணையின் மதகில் நுரை மலைபோல் எழும்புவதை அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் உங்களுக்கு வீடியோ அனுப்பியிருப்பார்கள். பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், விழுப்புரம், கடலூர். நம்மில் பாதிப் பேர் அந்த வழியில்தான் பிறந்தோம். நாம் இங்கே திறந்துவிடுவது நம் அத்தை மாமன் வீட்டு வாசலுக்குத்தான் போகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்தபோது, திருப்பலி முடிந்து இந்த வாசலில் நின்று எத்தனை பேர் ஊருக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தீர்கள்!

இங்கே பக்கத்திலேயே சந்தாபுரா ஏரி இருக்கிறது. கழிவிலிருந்து அதைக் காப்பாற்றத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. தொழிற்பேட்டைகளில் வேலை செய்து சாப்பிடுகிறவர்கள் நாம்; கம்பெனி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கம்பெனியின் பின்பக்கக் குழாயைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன். இன்னொன்றும் நம் தாலுகாவிலேயே நடந்தது. க்யாலசனஹள்ளியில் 36 ஏக்கர் ஏரி வறண்டு கிடந்தது. ஆனந்த் மல்லிகவாட் என்ற பொறியாளர் 2017இல் தான் வேலை பார்த்த நிறுவனத்தின் சமூகப் பணி நிதியை வாங்கி, ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, தூரெடுத்துக் கரை கட்டினார். மழை வந்தது, ஏரி நிறைந்தது. பிறகு அந்த வேலையையே விட்டுவிட்டு ஏரிகளுக்குப் போய்விட்டார்.

சென்னையில் கதை தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்தது. சுமார் 160 ஏக்கர். 1945இல் 99 ஆண்டுக்குக் கொடுத்த நிலம். அதற்குள் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. வேளச்சேரி மழைக்கு மழை மூழ்குவதால் அங்கே குளம் வெட்டும் வேலை தொடங்கியது. வழக்கும் நடந்தது. யார் பக்கம் சட்டம் என்பது நீதிமன்றத்தின் பாடு. இங்கே ஏரி கோல்ஃப் மைதானமாயிற்று, அங்கே கோல்ஃப் மைதானத்தில் குளம் வருகிறது. தண்ணீர் தன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

மறுபடி பெங்களூருக்கு வருவோம். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு நினைவிருக்கிறதா? விடிவதற்குள் 131 மில்லிமீட்டர். சர்ஜாபுரா சாலையில் டிராக்டரில் ஏறி ஆபீசுக்குப் போனார்கள், சொகுசு வீடுகளிலிருந்து படகில் ஆட்களை இறக்கினார்கள். ஏரியில் வீடு கட்டினால் இப்படித்தான் என்று நம்மில் பலரும் சொன்னோம். வீடு கட்டியவருக்கு அது பொருந்தலாம். அந்த வீடுகளில் பாத்திரம் கழுவிவிட்டுக் கால்வாய் ஓரத்துத் தகர ஷெட்டில் படுத்துக்கொண்ட பெண்ணுக்கு என்ன பொருத்தம்? அவள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் முழுகியது அவள் ஷெட்டுதான். கோல்ஃப் விதியில்கூட, மழைநீர் தேங்கிய இடத்தில் பந்து விழுந்தால் தண்டனை கிடையாது. குழிக்கு நெருங்காமல் பக்கத்துக் காய்ந்த இடத்தில் போட்டு ஆடலாம். ஆட்டக்காரர் அந்த மழைக்குப் பொறுப்பில்லை என்று அந்தப் பணக்கார விளையாட்டே ஒப்புக்கொள்கிறது. நல்லவர் மேலும் தீயவர் மேலும் தந்தை மழை பெய்யச் செய்கிறார் என்று மலைப்பொழிவில் கேட்டிருக்கிறோம். வெள்ளம் வந்த வீட்டைப் பார்த்துக் கணக்குப் பார்க்கும் வேலையை அவர் நமக்குக் கொடுக்கவில்லை.

கடைசியாக, நம் ஆலயத்தைப் பற்றி. நல்ல மழை பெய்தால் கெபிக்குப் பின்னால் தெற்குப் பக்கம் தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செவ்வந்திச் செடிகள் அழுகிப்போயின. சுவரை ஒட்டி ஒரு பழைய கால்வாய் இருக்கிறது, மண் மூடிவிட்டது. அதைத் தோண்டலாம் என்று இளையோர் கேட்டார்கள். மாலி அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "தோண்டுனா தண்ணி நேரா பின்னாடி வீட்டு அடுப்படிக்குத்தான் சாமி போவும்" என்றார். அந்த வீட்டுக்காரர் நம் பங்கைச் சேர்ந்தவர் இல்லை, கன்னடக் குடும்பம். நேற்று மாலை நானும் பங்குப் பேரவைத் தலைவரும் போய் அவர்களோடு காபி குடித்துவிட்டுப் பேசினோம். முடிவு இதுதான்: நம் நிலத்துக்குள்ளேயே, தென்கிழக்கு மூலையில், ஒரு உறிஞ்சுகுழி வெட்டி, சரளையும் மணலும் போட்டு, கால்வாயை அதில் விடுவது. அது நிரம்பி வழிந்தால் தெருவடிகாலுக்குக் குழாய் போடுவது. அவர்கள் வீட்டுக் கூரைத் தண்ணீரையும் அதே குழியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மா கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். குழியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டவேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் தொடங்குகிறோம். மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். சரளை ஒரு லோடு தேவை, யாராவது ஏற்றுக்கொண்டால் நல்லது. தரை ஈரமாக இருந்தால் அன்றைக்குத் தோண்டமாட்டோம், அதற்கடுத்த வாரம். மதியச் சாப்பாடு அன்பியங்கள் பொறுப்பு. இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.